முப்பத்து மூன்றாம் சீட்டு

என் கைக்கடிகாரம் ஒரு நாளும் பிசகியதில்லை, அர்லீன். எண்பத்து மூன்று வயதிலும் காலையில் எழுந்ததும் அதற்குச் சாவி கொடுப்பதுதான் எனக்கு முதல் வேலை. டபுள்ஸ் ரொட்டி ஆறுவதற்குள் சாப்பிடு. பேச்சு எங்கேயும் ஓடிவிடாது.

வக்கீல்களை நான் நம்புகிறவன் இல்லை. உன்னையும் சேர்த்துத்தான், உன் படிப்புச் செலவில் பாதி என்னுடையதாக இருந்தாலும். ஆனால் நேற்று ஃபோனில் நீ கேட்டது சரியான கேள்வி. "அன்னைக்கு விழுந்த மத்த சீட்டெல்லாம் எங்க போச்சு மாமா?" நாற்பது வருஷத்தில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். நீ ஒருத்தி, உன் அப்பா ஒருவன்.

நம் ஊர் சாங்ரே கிராண்டேயில் அச்சோங்கின் பந்தயக் கடையில் சீட்டு வாங்கும் கூண்டு என்னுடையது. குதிரை ஓடுவது இங்கிலாந்தில், பணம் கட்டுவது இங்கே. அவர்களுக்கு மதியம் என்றால் நமக்குக் காலை. ஆடுகிறவன் குதிரையின் பெயரை எழுதித் தருவான், எழுதத் தெரியாதவனுக்கு நானே எழுதி முத்திரை மெஷினில் செருகுவேன். வரிசை எண்ணும் மணியும் விழும். அசல் அவனுக்கு, நகல் கடைக்கு. ஓட்டம் தொடங்கிய பிறகு விழுந்த சீட்டு செல்லாது.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்துக்காரன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பான். நாம் தள்ளுவதில்லை. அதனால் திங்களிலிருந்து முதல் ஓட்டம் நமக்குப் பத்து மணிக்கு இல்லை, ஒன்பதுக்கே வந்துவிடும். அதைப் பலகையில் எழுதிப் போடுவது என் வேலை. எழுதினேன். அந்த வருஷம் எழுதிய கையோடு முத்திரை மெஷினையும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற மூளை.

அந்தத் திங்கட்கிழமை உன் அப்பா லிஸ்டன் எட்டு நாற்பதுக்கு வந்தான். கையில் இருநூறு டாலர். உங்கள் பலகை வீடு நின்ற மனையைச் சொந்தக்காரன் விற்கப்போவது ஊருக்கே தெரியும்.

"ஒண்ணுக்கு நாப்பது குடுக்கிற நொண்டிக் குதிரைக்கா இவ்வளவு?" என்றேன்.

"நொண்டி உன் வாய்தாண்டா சூக்தியோ. ஜெயிச்சா மனை எனக்கு, மாமரத்துல முதல் பழம் உனக்கு."

"தோத்தா?"

"தோத்தா என் பொண்டாட்டி உன்னையும் சேர்த்து வெளுப்பா. குத்துடா முத்திரைய."

குத்தினேன். பத்தொன்பதாம் சீட்டு. மணி ஒன்பது நாற்பது என்று விழுந்தது. நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொக்கோ தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான்.

ஒன்பது பத்துக்குத்தான் தற்செயலாக என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மெஷின் பத்து பத்து காட்டியது. சத்தமில்லாமல் திருப்பிவைத்தேன். சரியாக விழுகிறதா என்று பார்க்க, அடுத்த ஓட்டத்துக்கு நானே ஐந்து டாலரில் ஒரு சீட்டு போட்டேன். எண் முப்பத்து மூன்று, மணி ஒன்பது பதினான்கு. சரியாக விழுந்தது.

அன்றைக்கு ஓட்டச் செய்தி கடைக்கு வரும் இங்கிலாந்து லைன் கெட்டுக் கிடந்தது. முதல் ஓட்டத்தின் முடிவு பத்து மணிக்கு மேல்தான் வந்தது. நொண்டிக் குதிரை ஜெயித்திருந்தது.

மறுநாள் லிஸ்டன் தேவாலயத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அச்சோங் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டம் ஒன்பதுக்கு. சீட்டு ஒன்பது நாப்பதுக்கு. லண்டன்ல உனக்கு அக்கா இருக்காளாமே, ஃபோன் போட்டுக் கேட்டியா?"

"லண்டன்ல அக்கா இல்லாத வீடு இந்த ஊர்ல எது முதலாளி? நான் ஓட்டத்துக்கு முன்னாடியே வந்தேன். இவனக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். "ஓட்டம் பழையபடி பத்து மணிக்குன்னு நெனச்சு வாங்கிட்டேன் முதலாளி" என்றேன். சின்னத் தப்பு. திட்டோடு போயிற்று.

உன் அப்பா விடவில்லை. கடைச் சுவரில் மாட்டியிருந்த விதிப்பலகையை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போனபோது அங்கேயும் அதையே சொன்னான்: "தகராறுன்னு வந்தா அன்னைக்கு விழுந்த எல்லாச் சீட்டையும் காட்டணும்னு அவங்க பலகையே சொல்லுது ஐயா. கேக்கிறது என் உரிமை." வெள்ளிக்கிழமை அந்த நாளின் நகல் சீட்டுக் கட்டைக் கொண்டுவரும்படி உத்தரவாயிற்று.

வியாழன் மதியம் கடைக்குப் பின்னால் அந்த நகல்களைத் தேங்காய் மட்டையோடு சேர்த்து எரித்தேன். கூரை ஒழுகி எல்லாம் அழுகிவிட்டதாகச் சொன்னேன். அச்சோங்குக்கே தெரியாது.

மாஜிஸ்திரேட் உன் அப்பாவிடம் எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டார். கடிகாரம் வைத்திராதவன் என்ன சொல்வான்? வந்த வண்டியின் பெயரைச் சொன்னான். சிரித்தார்கள். பிறகு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மெஷின் சரியாக ஓடுகிறதா என்று கேட்டார். சரியாக ஓடுகிறது என்றேன். அது பொய்யில்லை, அர்லீன். அந்த வெள்ளிக்கிழமை அது சரியாகத்தான் ஓடியது.

அதற்குப் பிறகு அவன் தெருவில் போனால் ரம் கடையிலிருந்து குரல் வரும். "லிஸ்டன், லண்டன்ல இருந்து ஃபோன்டா, ஓடு." முதலில் திருப்பித் திட்டினான். பிறகு சுற்றுவழியில் போனான். மனை கைமாறியது. வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றியபோது நானும் போய் ஆணி பிடுங்கினேன். மழைக்காலத்தில் கொக்கோ மரங்களுக்கு நடுவில் அவனைக் கண்டெடுத்தார்கள். தன் கையாலேயே முடித்துக்கொண்டிருந்தான். பெட்டியின் முன்பக்கம் தூக்கியது நான். உனக்கு அப்போது ஆறு வயது. அடுத்த ஜனவரியிலிருந்து உன் பள்ளிக்கூடப் பணம் நான் கட்டினேன். யாரும் கட்டச் சொல்லவில்லை.

இந்த டப்பாவைத் திற. என்னுடைய அந்தச் சீட்டின் அசல். உன் அப்பாவுடையது உன்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வை. பத்தொன்பதாவது ஒன்பது நாற்பதுக்கு, முப்பத்து மூன்றாவது ஒன்பது பதினான்குக்கு. எண் முன்னால் போகிறது, மணி பின்னால் போகிறது. எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு நிமிஷம் போதும்.

இதை மட்டும் ஏன் எரிக்கவில்லை என்று கேட்பாய். என்றைக்காவது லிஸ்டனுக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். அவன் உயிரோடு இருந்த ஏழு மாதமும் இது இந்த டப்பாவில்தான் இருந்தது.

என் குதிரையும் ஜெயித்தது. அறுபது டாலர். கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் இன்றுவரை நான் அதை வாங்கவில்லை. நஷ்டம் எனக்கும்தான், அர்லீன். அதையும் எழுதிக்கொள்.