அரை நிமிஷம் தாங்குனா போதும்

இல்லண்ணா, நாளைக்கி வர்ற கதையே கெடையாது. நாளைக்கின்னா இத்தத் தூக்கி எங்கனா கெணத்துல போட்டுட்டுப் பூடலாம். இன்னிக்கி நாலு இருவது பாண்டி பஸ்ஸ நான் புடிச்சாவணும். ஓமந்தூரு தாண்டி எறங்கி ரெண்டு மைலு ஓடணும். புளியமரத்துல ஏறி, அங்க கட்டியிருக்கற லவுடுஸ்பீக்கரு கொழா பின்னாடி இந்த யூனிட்ட முடுக்கணும். அஞ்சே முக்காலுக்கெல்லாம் இது பேசணும். வெளக்கு வெக்கிறதுக்கு முன்னாடி.

நீங்க பேட்டரி செல்லு வெச்சிப் பாருங்க மொதல்ல. தோ, ரெண்டு முனையிலயும் தொட்டுட்டீங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரணும் இல்ல? வரலயே. இன்னொரு வாட்டி தொடுங்கண்ணா. செல்லு பழசா இருக்கப்போவுது. மீட்டரு முள்ளும் அசையலயா? அய்யோ, அப்பிடி உதட்டப் பிதுக்காதீங்க. ஸ்க்ரூவக் கழட்டி உள்ள பாருங்க, சும்மாவாச்சும்.

எப்பிடிப் போச்சா? அதுவாப் போச்சின்னு சொல்லச் சொன்னாரு எங்க மைக்செட்டு மொதலாளி. டேய் பூமால, சீனுவாசன் கடையாண்ட போயி பாண்டுரங்கன் அனுப்புனாருன்னு சொல்லு, ஜல்தியா வாங்கியா, வழியில எவங்கிட்டயும் வாயக் குடுக்காத. பாத்தீங்களா, பாத்தீங்களா, வாசப்பக்கம் திரும்பிட்டீங்க! அவரே வந்து நிக்கிறாருன்னு நெனச்சீங்க இல்ல? நான்தாண்ணா. எந்தக் கொரலா இருந்தாலும் ரெண்டு வாட்டி கேட்டாப் போதும், வந்து குந்திக்கும் எனக்கு. பஸ்ஸுல வரும்போதுகூட கண்டக்டரு பின்னாடி இருந்தாரு, நான் முன்னாடி நின்னுக்கினு எறங்கு எறங்கு, கூட்டேரிப்பட்டு எறங்குன்னேன். ரெண்டு கெழவி எறங்கப் பாத்துச்சி. வண்டி கூட்டேரிப்பட்டுப் பக்கமே போவாது!

சிரிக்கிறேன்னு பாக்காதீங்கண்ணா. நீங்க ஸ்க்ரூவக் கழட்டுங்க.

கருகிக்கெடக்குதா? மோந்து பாக்காமயே தெரியுது. சுத்திச் சுத்தி வெச்சிருக்கே அந்தக் கம்பி, அதுதான காயிலு? முழுசாவா போயிடுச்சி? ஓரத்துல மட்டுமா? வெளிய வர்ற நுனி அறுந்துக்கினு இருக்குதா? அப்ப ஈயம் வெச்சிப் பத்த வெச்சா வரும் இல்ல! வருமாண்ணா? வரலாம்னா? வரும்னு சொல்லுங்கண்ணா.

சொல்றேன். நீங்க பிளேடால சொரண்டிக்கினே கேளுங்க, கைய நிறுத்தாதீங்க.

எங்கண்ணன் இருதயராசு. கண்ணையன் பொண்ணு அஞ்சலாட்சியக் கூட்டிக்கினு போயி இன்னியோட மூணு நாளு. நாங்க காலனி, அவங்க ஊரு. இதுக்குமேல வெவரமா சொல்லணுமா? சைக்கிளு சவுக்குத் தோப்போரம் கெடச்சிது. தோப்பு மூணு மைலுக்குக் கெடக்குது, உள்ள பூந்து தேடுனா தேடுறவனே தொலஞ்சிபூடுவான். அதனால காலைல ஒம்போது மணிக்குக் கொழாயத் தோப்புப் பக்கம் திருப்பிக் கட்டி, மைக்குல கூப்புட்டாங்க. வீரம்மா கொரலு. பொண்ணோட அம்மா. ஏ அஞ்சலாட்சி, பட்டினி கெடக்காத தாயி, வந்துருடி. உங்கப்பா மனசு எறங்கிட்டாரு. அந்தப் புள்ளையும் கூட்டியா. ரெண்டு பேரும் வெளக்கு வெக்கிற நேரத்துக்குக் கோயிலாண்ட வந்துருங்க, நாங்களே மாலை மாத்தி வெக்கிறோம். நடுவுல ஒரு வாட்டி மூக்க உறிஞ்சி, ஒரு இருமலு. கேட்டவங்கல்லாம் அழுதாங்கண்ணா. எங்கம்மா இருதயமேரி, அது காலனிய உட்டு அந்தப் பக்கமே போவாது, கேப்பக்களியத் தூக்குல எடுத்துக்கினு எல்லைக்கல்லாண்ட வந்து நின்னுச்சி. புள்ள பசியோட வருவானாம்.

நல்ல சேதிதானன்றீங்களா? நானும் அப்பிடித்தான் இருந்தேன்.

கொழா பேசும்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. அது கேக்கவும் கேக்கும், உங்களுக்குத் தெரியாததா? அதுக்குப் போற ஒயர உருவி, ஆம்ப்ளிஃபயருல மைக்கு சொருவுற ஓட்டையில சொருவிட்டா முடிஞ்சிது. கொழா கட்டுன மரத்தடியில எவன் இன்னா பேசுனாலும் நான் ஆம்ப்ளிஃபயரு வெச்ச ஷெட்டுல குந்திக்கினு ஹெட்போனுல கேப்பேன். ரெண்டு வருசமா அதான் நமக்குப் பொழுதுபோக்கு. பெரியதம்பி மொதலியாரு பொண்டாட்டியப் பத்தி அங்க பொலம்புனத, மறுநாளு அவரு கொரல்லயே அவரு ஜன்னலு கிட்ட நின்னு சொன்னேன். மனுசன் பேயின்னு நெனச்சி ரெண்டு வாரம் வேப்பெல அடிச்சிக்கினாரு.

இன்னிக்கும் வெளாட்டாதான் சொருவுனேன். வால்யூம ஃபுல்லா வெச்சாதான் கேக்கும், வெச்சேன். கண்ணையன் பேசுறாரு. வரட்டும். கோயிலாண்ட ஒருத்தனும் கைய வெக்கக்கூடாது, பொம்பளைங்க இருப்பாங்க. சோறு போடறேன்னு மோட்டார் கொட்டாய்க்கி இட்டாந்துருங்க. மொதல்ல அவன். அப்புறமா அவள நான் பாத்துக்கறேன். பெத்தவன்தான் பண்ணணும்.

இந்தக் கொரல நான் பண்ணவே மாட்டேன்னு நெனச்சிக்கினு வந்தேன். பண்ணிட்டேன் பாருங்க.

இன்னா பண்ணுவேன் நான்? ஒயரப் புடுங்கி பழையபடி மாத்திச் சொருவுனேன், மைக்கப் புடிச்சேன். வராதடான்னு கத்தணும், அது ஒண்ணுதான் மண்டையில. வால்யூமக் கொறைக்கல. கொழாயிலேர்ந்து ஓன்னு ஒரே ஊளை. நான் கத்துனது எனக்கே கேக்கல. பத்து எண்றதுக்குள்ள பட்டுன்னு ஒரு சத்தம், அப்புறம் கம்முனு ஆயிடுச்சி. மரத்தடியில எல்லாரும் சிரிக்கிறானுங்க. பூமால ஆரமிச்சிட்டாண்டான்றானுங்க.

இன்னொரு யூனிட்டு இருக்குதுண்ணா, விழுப்புரத்துல கல்யாணத்துக்குப் போயிருக்குது. சாயங்காலம் இன்னொரு வாட்டி கூப்புடணும், வராம பூட்டா இன்னா பண்றதுன்னுதான் மொதலாளி என்ன ஓட உட்டாரு. ஆமா, அவங்களுக்கும் இது வேணும், எனக்கும் இது வேணும். அவங்களே எங்கிட்ட மைக்கு குடுப்பாங்க. அதனாலதான் சொல்றேன், இதுதான் ஒரே வழி.

தோப்பாண்ட போயி கத்தறதா? நாலு பேரு பைக்க வெச்சிக்கினு மொனையில குந்திக்கினு இருக்கானுங்க. நான் போனா எம் பின்னாடியே வருவானுங்க. போலீசா? வழியில போயிட்டுத்தான் வர்றேன். ஏட்டு என்னைப் பாத்ததுமே லத்தியத் தேடுனாரு. போன மாசம் சந்தையில அவரு கொரல்ல சவுண்டு உட்டு, வண்டியெல்லாம் ஓரங்கட்ட வெச்சது நான்தான். இது மெய்யாலுமே நடக்கப்போவுது சார், கால்ல உழறேன்னேன். அழற மாதிரி நல்லாப் பண்றடான்னாரு.

ஒட்டிக்கிச்சா? அந்தக் கம்பி மயிரு மாதிரி இருக்குது, நீங்க மூச்சு உடாதீங்கண்ணா. நானும் உடல. இப்ப செல்லு வெச்சிப் பாருங்க. டக்! அண்ணா! கேட்டுச்சா? டக்குன்னுச்சி! உசுரு வந்துடுச்சி!

இன்னாது? காயிலு தகட்ட உட்டுக் கழண்டிருக்குதா? பசை போட்டா ராத்திரி முழுக்கக் காயணுமா? அய்யோ அதெல்லாம் வேணாம். போட்டுட்டு அப்பிடியே மூடுங்க. ஆடும்தான், கரகரன்னும்தான், கிழிஞ்சிபூடும்தான். கிழியட்டும். எனக்கு அரை நிமிஷம் தாங்குனா போதும். அப்புறம் அந்த மைக்கும் எங்கையில இருக்காது, நான் எந்தக் கெதியில இருப்பேனோ அதுவும் தெரியாது. ராசு வராத, அவள இட்டுக்கினு வடக்கால ஓடுடா, கோட்டக்குப்பம் பக்கம் போவாத, அங்க ஆளு நிக்குது. அவ்ளோதான். எண்ணிப் பாத்துட்டேன், பஸ்ஸுலயே. பதினஞ்சி செகண்டு கூட ஆவல.

அந்த அலமாரியில இருக்கற யூனிட்டு யாருதுண்ணா? கோயில்காரங்களுதா? ஞாயித்துக்கெழமைக்கா? சரி, கேக்கல. கேக்கவே இல்ல. இத்தயே முடுக்கிக் குடுங்க. மணி நாலு அடிச்சிடுச்சி பாருங்க.

ஏண்ணா நிறுத்திட்டீங்க? அந்தம்மா வீரம்மா கிட்டயே சொல்லலாமேன்றீங்களா? காலைல வான்னு கூப்புட்ட வாயி இப்ப வராதன்னு ஒரு வாட்டி சொன்னா, பொண்ணு நம்பும்தான். பெத்தவளாச்சே, சொல்லமாட்டாளான்னா...

அந்தம்மா காலைலயும் பேசலண்ணா.

இதுவும் ஹெட்போனுல கேட்டதுதான். வெடியக்காலம் மைக்குல பேசச் சொல்லிப் பாத்திருக்காங்க, முந்தானைய வாயில திணிச்சிக்கினு தலைய ஆட்டிட்டாங்களாம். அடிச்சிருக்காங்க. அப்பவும் வாயத் தொறக்கல. உள்ள தள்ளி வெளிய தாப்பா போட்டு வெச்சிருக்காங்க. அப்புறம்தான் மொதலாளி எங்கிட்ட வந்தாரு. கல்யாணம் பண்ணி வெக்கப்போறாங்கடா, அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்குது, நீ பேசிடேன்னாரு. எனக்குச் சந்தோசம். எங்கண்ணனுக்குக் கல்யாணம்னா சும்மாவா? வேற எவன் பேசுவான்? மூக்க உறிஞ்சறது, அந்த இருமலு, தாயின்னு சொல்லும்போது லேசா கொரலு ஒடையும் பாருங்க, அதெல்லாம் யாரும் சொல்லித் தரல, நானே போட்டதுதான். பேசிட்டு வெளிய வந்ததும் கண்ணையன் என் முதுவத் தட்டி ஒரு கலரு சோடா வாங்கிக் குடுத்தாரு.

அதாண்ணா ஜல்தி ஜல்தின்றேன். வரமாட்டாங்கன்னு நெனைக்காதீங்க. வந்துடுவாங்க. ஒரு எடத்துல கூடத் தப்பு பண்ணலண்ணா நான்.