பதினொரு தொகுதிகளாக மாமி

எனக்கு டெங்கு வந்ததற்கு நுளம்பைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் எங்கள் வாசகர் குழுவின் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளும்படி உங்களிடம் கடவுச்சொல்லைத் தந்தவனும் நானேதான், தாரிகா. வருகிற கடிதங்களைப் பார்க்கச் சொன்னேன். அதிலிருந்து முன்பு அனுப்பப்பட்ட கடிதங்களையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பொறுப்புணர்ச்சி அப்படி. விளக்கம் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

நீங்கள் குழுவுக்குப் பிந்தி வந்தவர். அதனால் முதலிலிருந்தே சொல்ல வேண்டும். நெல்லியடியில் போட்டோக்கொப்பிக் கடையை நடத்திக்கொண்டே, ஒரு ஜப்பானிய மாயாஜால நாவல் வரிசையை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தேன். கந்தோரில் வேலை செய்யும் ஒருவன் லொறியில் அடிபட்டுச் செத்து, வாளும் மந்திரமும் உள்ள வேறோர் உலகத்தில் பிறக்கிறான். ஜப்பானில் லொறிச் சாரதிகள் இப்படித்தான் இலக்கியத்துக்குத் தொண்டு செய்கிறார்கள். பதினொரு தொகுதிகள். நாயகனுக்கும் அவனுடைய மாமியின் மகளுக்கும் எப்போது கலியாணம் நடக்கும் என்று நாலாயிரம் பேர் எங்கள் இணையப் பக்கத்தில் காத்துக்கிடந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கஜந்தினி குழுவுக்கு வந்தாள். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் சீவரத்தினத்தின் மகள். கைத்தொலைபேசியையும் இரண்டு பழைய பாடப்புத்தகங்களையும் வைத்துக்கொண்டு மூன்று வருடத்தில் ஜப்பானிய மொழி படித்தவள். மூல நாவலில் மூன்றே பக்கம் வந்துபோகும் கோட்டைவாசல் காவற்காரியை வைத்து ஜப்பானில் ஒரு கிளைக்கதை வரிசை தொடங்கியிருந்தார்கள். அதை அவள் நேரடியாகத் தமிழாக்கினாள். "காவற்காரி கதைக்கிறது பக்கத்து வீட்டுப் பிள்ளை கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று ஒரு வாசகர் எழுதினார். என் மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் கருத்து வந்த திகதியும் நேரமும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒருநாள் பின்னேரம் பஸ்ஸேறிக் கடைக்கு வந்தாள். ஜப்பானில் படிப்பதற்கான புலமைப்பரிசில் விண்ணப்பத்தை ஸ்கான் பண்ண வேண்டுமாம். அவளுடைய கைத்தொலைபேசியில் பாதி நாள் சிக்னல் இல்லை. ஆகவே தொடர்புக்குக் குழுவின் மின்னஞ்சலையே போடச் சொன்னேன். உதவி செய்வது என் பழக்கம். போகும்போது வாசலில் நின்று தயங்கினாள்.

"அண்ணை, ஒரு சின்ன விசயம். குறை நினைக்காதேங்கோ. நீங்கள் மாமி எண்டு எழுதிற ஆள் மாமியில்லை. தாயின்ரை தங்கச்சி. சின்னம்மா."

"ஆங்கிலத்தில ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தானே" என்றேன்.

"ஓம் அண்ணை. ஆனா தமிழில நாயகனும் அவவின்ரை மகளும் அண்ணன் தங்கச்சி முறையெல்லோ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களே மெல்ல மாத்திவிடுங்கோ."

கவனியுங்கள், தாரிகா. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாலு பேர் முன்னால் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். அவள் என்மேல் இரக்கப்பட்டாள்.

இரண்டு மாதம் கழித்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கொழும்புக்கு வரட்டாம். கிளைக்கதையின் முதல் தொகுதியில் அரசனின் அழைப்பைக் காவற்காரி பணிவாக மறுக்கும் இடம் ஒன்று உண்டு. நானும் ஜப்பானிய மொழி படிக்கட்டும் என்று கஜந்தினி அந்தப் பகுதியை வரிவரியாக எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். நல்ல ஆசிரியை. அந்த வரிகளை வைத்து, குடும்பச் சூழ்நிலையால் வர முடியவில்லை என்று அவள் பெயரில் பதில் எழுதினேன். நாலு மணித்தியாலம் சென்றது. அவர்களும் வருத்தம் தெரிவித்து, அடுத்த வருடம் விண்ணப்பிக்கச் சொல்லிப் பதில் போட்டார்கள். ஜப்பானியர்கள் மிகவும் மரியாதையானவர்கள்.

"அண்ணை, கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கிழமைக்கு ஒருதரம் கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. கொழும்பில இருக்கிறவைக்கு எங்களைக் கண்ணுக்குத் தெரியுமே?" என்றேன். ஒரு முறை அழுதாள். சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருடமும் விண்ணப்பித்தாள். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். அந்த முறை எனக்குச் சிரமமில்லை, பழைய கடிதத்தில் திகதியை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு வயதெல்லை கடந்துவிட்டது. விதிகளை நான் போடவில்லை.

கடிதம் வராவிட்டால் கலியாணத்துக்கு ஓம் என்று சொல்வதாகத் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கு வவுனியாவில் இரும்புக்கடை. வாசிக்கிற பழக்கமில்லாத மனிதர், அவளுடைய புத்தகப் பெட்டி தகப்பன் வீட்டிலேயே நின்றுவிட்டது. கலியாண மண்டபத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக மினக்கெட்ட ஆள் நீங்கள் ஒராள்தான் அண்ணை" என்றாள். நான் மறுக்கவில்லை. மினக்கெட்டது உண்மைதானே.

கிளைக்கதையின் தமிழாக்கம் மூன்றாம் தொகுதியோடு நின்றது. பிறகு ஆங்கிலப் பதிப்பு வந்ததும் மிச்சத்தை நானே முடித்தேன். மூன்று பேர் வாழ்த்தினார்கள், அதில் ஒருவர் நீங்கள். மாமி இன்னும் மாமியாகத்தான் இருக்கிறாள். பதினொரு தொகுதியை நம்பிய வாசகர்களைக் குழப்பக்கூடாதல்லவா.

ஆக, நீங்கள் கண்ட இரண்டு கடிதங்களையும் எழுதியவன் நான்தான். யாரும் தூண்டவில்லை, தவறுதலாகவும் நடக்கவில்லை. இதையெல்லாம் கஜந்தினிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு இது ஏழாம் மாதம். தனக்குத் தகுதி இல்லை என்று நம்பி, ஒருவழியாக மனதை ஆற்றிக்கொண்டு இருக்கிறாள். ஒரு பெண்ணின் நிம்மதியைக் குலைக்க உங்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறது, தாரிகா?