ஓவர் முடியவில்லை

எங்கள் வீட்டுக் கக்கூசுக் கதவுக்கு வெளிப்பக்கத்திலும் ஒரு கொளுக்கி இருக்கிறது. அது ஏன் என்று நேற்றுப் பொலிஸ் தம்பி கேட்டார். கேட்டுவிட்டு ஏதோ பெரிய விஷயம் அகப்பட்டதுபோல எழுதியும் கொண்டார். அது ஆட்டுக்கு ஐயா. கதவு திறந்து கிடந்தால் ஆடு உள்ளே போய் வாளித் தண்ணீரைக் குடித்துவிடும். அக்கராயனில் பாதி வீடுகளில் இப்படி ஒரு கொளுக்கி இருக்கும்.

திடீர் மரண விசாரணைக்கென்று இந்த மழைக்குள் வந்திருக்கிறீர்கள். உங்களை அலைக்கழிக்காமல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பெயர் கனகலிங்கம், வயது அறுபத்துமூன்று. சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். இறந்துபோன அப்புத்துரை என் மனைவி விமலேஸ்வரியின் தமையன். பக்கத்து வளவு. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். எல்லைவேலி விஷயத்தில்கூட எங்களுக்குள் வாய் தடித்து ஒரு சொல் வந்ததில்லை. இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் ரெஸ்ற் மச் விளையாடாத நாட்களில் அவரைப்போல ஒரு மச்சான் கிடைக்கமாட்டார்.

உங்களுக்கு இது விளங்க வேண்டும் என்றால் எங்கள் ஊர் கிரிக்கெட் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். இலங்கை விளையாடினால் இங்கே ஒருத்தரும் சத்தமாகக் கைதட்டமாட்டோம். இந்தியா விளையாடினாலும் அப்படித்தான். யார் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை. அதற்காகக் கிரிக்கெட்டை விட்டுவிட முடியுமா? ஆகவே எங்களுக்கு ஒரு தொந்தரவும் தராத இரண்டு நாடுகளைப் பிடித்துக்கொண்டோம். யாருடைய பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்ததோ அந்த நாடு. என் மகள் பிரியந்தினி லண்டனில். அப்புத்துரையின் மகன் செந்தூரன் மெல்பேணில். நான் இங்கிலாந்து, அவர் அவுஸ்திரேலியா. கனடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள்தான் பாவம், ஐந்து நாளும் அவர்களுக்குப் பொழுது போகாது.

பார்ப்பதற்குச் சட்டம் இருக்கிறது. முக்கியமான சட்டம், அசையக்கூடாது. இரண்டு பேர் நின்று ஓட்டம் எடுக்கத் தொடங்கினாலோ, அடுத்தடுத்து விக்கெற் விழத் தொடங்கினாலோ அந்த நேரத்தில் யார் எங்கே எப்படி இருந்தாரோ அப்படியே இருக்க வேண்டும். ஓவர் மாறும்போது மட்டும் அசையலாம், மூக்குச் சொறியலாம், வெற்றிலை துப்பலாம். அடுத்த ஓவரின் முதல் பந்துக்கு முன் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்புத்துரை. அதை நீங்கள் பதிய வேண்டும்.

போன தொடரில் நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் உரப்பையில் குந்தியிருந்தபோது இங்கிலாந்துக்கு அடுத்தடுத்து இரண்டு விக்கெற் விழுந்தது. அவ்வளவுதான், அப்புத்துரை என்னை அங்கிருந்து எழும்ப விடவில்லை. ஆனி மாத வெயில். பின்னேரம் ஐந்து மணிபோல நான் மயங்கிச் சரிந்தேன். சரிந்த அதே பந்தில் மூன்றாவது விக்கெற். அதனால் என்னைத் தூக்கக்கூடாது என்று ஆட்களை மறித்துவிட்டார். முகத்துக்குத் தண்ணீர் தெளிக்கவும் ஓவர் முடியும்வரை பொறுத்தார். நான் கோபிக்கவில்லை. அவுஸ்திரேலியா வென்றது, அவர் சொன்னது சரி.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மார்கழி மழை ஒரு கிழமையாக விடவில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தது. அப்புத்துரை வீட்டுக் கக்கூசுக் குழி வெள்ளத்தில் நிரம்பிவிட்டதால் அவர்கள் எங்களுடையதைத்தான் பாவித்து வந்தார்கள். அவுஸ்திரேலியாவில் நடந்த ரெஸ்ற், ஐந்தாம் நாள். இங்கிலாந்து வெல்ல வழியில்லை. அன்று முழுவதும் நின்று பிடித்தால் ட்றோ. அங்கே அவர்களுக்குப் பின்னேரம் என்றால் எங்களுக்கு மத்தியானத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

வீட்டில் நான்கு பேர். நானும் அப்புத்துரையும் ரீவிக்கு முன்னால். விமலேஸ்வரி குசினியில். நான்காவது ஆள் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாறமும் நைற்றியும் கொண்டுவந்து விற்கும் நுஸ்கி. மழை விடும்வரை ஒதுங்கியவர். அவருக்கு இரண்டு நாடும் ஒன்றுதான், அவருடைய நானா, மூத்த தமையன், கட்டாரில்.

அப்புத்துரை வழக்கம்போல நீலக் கதிரையில் இருந்தார். அவர் அதில் இருக்க இருக்க இங்கிலாந்துக்கு விக்கெற் விழுந்துகொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "லண்டனுக்குப் போன் எடு கனகு, பிள்ளை அழப்போறாள்" என்று பகிடி விட்டார். எட்டு. ஒன்பதாவது விழுந்தபோது பத்தே முக்கால். இன்னும் பதினெட்டு ஓவர், கடைசி இரண்டு பேர். அப்போதுதான் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு எழும்பினார்.

"வயிறு ஒரு மாதிரிக் கிடக்குது. கக்கூசு சும்மாதானே கிடக்கு?"

நான் ஓம் என்றேன்.

அவர் போனார். அடுத்த ஓவரில் ஒரு பிடி நழுவியது. அதற்கடுத்த ஓவரில் பந்து விக்கெற்றில் பட்டது ஐயா, பட்டும் விக்கெற் விழவில்லை. நுஸ்கிகூட, "அல்லாஹ், இது என்ன புதினம்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. ஓவர் மாறும் நேரத்தில் எழும்பிப் போய்ச் சத்தமில்லாமல் கொளுக்கியைப் போட்டுவிட்டு வந்து இருந்தேன். விமலேஸ்வரி பாதித் தேங்காயோடு குசினி வாசலில் நின்றாள், அவளை அப்படியே நிற்கச் சொன்னேன். நுஸ்கி ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மற்றதைக் கையில் வைத்திருந்தார். அவரும் அப்படியே.

பதினாலு ஓவர் இருக்கும்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஓவர் மாறியதும் போனேன்.

"டேய் கனகு, விளங்கீட்டுது. எத்தினை ஓவர்?"

"பதினாலு."

"போடா, நாறுது."

"உரப்பை ஞாபகமிருக்கோ?"

"அது வெளிக்காத்தடா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரம்வரை அவரும் சம்மதத்தோடுதான் இருந்தார் என்பது தெரிய வேண்டும்.

பிறகுதான் குழப்பம் தொடங்கியது. அவுஸ்திரேலியா எப்போதும் கடைசி நேரத்தில் வாயால் விளையாடப் பார்க்கும். பதினொரு ஓவர் இருக்கும்போது செந்தூரன் போன் எடுக்கிறான் என்றார். அவருடைய போன் என் முன்னால் மேசையில் கிடந்தது, அது அடிக்கவில்லை. எட்டு ஓவர் இருக்கும்போது நெஞ்சு நோகுது என்றார். நெஞ்சு நோகிற மனிதன் அவ்வளவு பலமாகக் கதவுக்கு உதைக்கமாட்டான் என்று நான் எடுத்துச் சொன்னேன். நாலு ஓவர் இருக்கும்போது மூன்றாவதைச் சொன்னார். இந்த முறை கத்தவில்லை. கதவுக்குக் கிட்ட வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"கனகு, இதுக்குள்ள புடையன் நிக்குது. வாளிக்குப் பின்னால."

"அசையாமல் இரு மச்சான். அசையாட்டி அது ஒண்டும் செய்யாது."

பாம்புக்கும் அதுதான் சட்டம், மச்சுக்கும் அதுதான் சட்டம். எந்த வைத்தியரைக் கேட்டாலும் நான் சொன்ன புத்தி பிழை என்று சொல்லமாட்டார். அடுத்த ஓவர் தொடங்கப் போகிறது என்று நுஸ்கி கூப்பிட்டார், ஓடிப்போய் என் இடத்தில் இருந்தேன்.

அந்த ஓவரின் நாலாவது பந்து. பந்துவீச்சாளன் கையை உயர்த்திவிட்டான். எங்கள் ஆள் மட்டையைத் தூக்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து மழை பலத்தது, டிஷ் அடைத்துக்கொண்டது, படம் அப்படியே நின்றுவிட்டது.

என்னுடைய நிலையை நீங்கள் யோசிக்க வேண்டும். ஓவர் முடிந்தால் எழும்பலாம். ஓவர் முடியவில்லை. மூன்று பந்து போட்டாயிற்று, நாலாவது அவன் கையில் நிற்கிறது. அவன் அசையவில்லை, எங்கள் ஆள் அசையவில்லை. நாங்கள் எந்த நியாயத்தில் அசைவது? நுஸ்கி ஒரு தரம், "ஐயா, போனை எடுத்து ஸ்கோரப் பாக்கட்டா?" என்று கேட்டார். பொக்கற்றுக்குக் கை போனால் அதுவும் அசைவுதான் என்று விளங்கப்படுத்தினேன். நல்ல பிள்ளை, கையை எடுத்துவிட்டார்.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது. பிறகு, "கடிச்சுப்போட்டுது, கடிச்சுப்போட்டுது" என்று இரண்டு தரம்.

"ஐயா, அவர் கூப்பிடுறார்" என்றார் நுஸ்கி.

"அது அவுஸ்திரேலியா கூப்பிடுது தம்பி."

விமலேஸ்வரி தேங்காயைப் பிடித்தபடி நின்றாள். "இஞ்சேருங்கோ, அண்ணையின்ர குரல் வேற மாதிரிக் கிடக்குது" என்றாள். ஓவர் முடியட்டும் என்றேன். மூன்று பந்துதானே. அவளும் லண்டன் பிள்ளையின் தாய் அல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சுவர் மணிக்கூட்டில் பெரிய முள் எட்டைத் தாண்டியது. பின்பக்கத்தில் கத்தல் முனகலாகி, முனகலும் நின்றது. நான் சொன்ன புத்தியைக் கேட்டு அசையாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். படத்தில் பந்து இன்னும் கையில்தான் இருந்தது.

கடைசியில் விமலேஸ்வரி தேங்காயை நிலத்தில் போட்டுவிட்டு ஓடினாள். அவள் காலை எடுத்தாளோ இல்லையோ, படம் வந்தது. நீங்களே பாருங்கள். ஆனால் மைதானத்தில் ஒருத்தரும் இல்லை. சவர்க்கார விளம்பரம் போனது. பிறகு ஸ்கோர் போட்டார்கள். மச் ட்றோ. வெளிச்சம் காணாது என்று இரண்டு பக்கமும் கைகொடுத்து, இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அந்த நாலாவது பந்துக்குப் பிறகு இரண்டே பந்துதான் போட்டார்கள்.

கொளுக்கியைத் திறந்தவள் அவள்தான். நுஸ்கிதான் அவரைத் தோளில் தூக்கினார், ஒரு காலில் சப்பாத்து, மற்றக் கால் வெறும் கால். நான் ஸ்கோர் இரண்டாம் தரமும் வரும்வரை இருந்தேன், ஒரு உறுதிக்கு. ஓட்டோ பிடித்து அக்கராயன் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கிளிநொச்சி. அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். மூன்றாம் நாள் விடிய அவர் போய்விட்டார்.

விமலேஸ்வரி இப்போது தமையன் வீட்டில் இருக்கிறாள். என்னோடு கதைப்பதில்லை. பிரியந்தினிக்குப் போன் எடுத்து ட்றோ என்று சொன்னேன், "என்ன மச் அப்பா?" என்று கேட்டாள். அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காதாம். பதினாறு வருடம் லண்டனில் இருந்தும் அவள் இதைச் சொல்லவில்லை, அது எனக்கு மனவருத்தம்தான்.

இன்னும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எதையும் மறைக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னபடியால் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு மச்சில் சாப்பாட்டு இடைவேளை விட்டபோது நான் கக்கூசுக்குப் போனேன். வாளிக்குப் பின்னால் புடையன் சுருண்டு கிடந்தது, என் கைத் தடிப்பு இருக்கும். கதவைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டுவிட்டு, மச் முடிந்ததும் ஆள் பிடித்து அதை அடிப்போம் என்று வந்துவிட்டேன். அப்புத்துரைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் கக்கூசு சும்மா கிடக்கிறதா என்று கேட்டது ஒன்பதாவது விக்கெற் விழுந்த நேரம். இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பவும் அந்த நீலக் கதிரையில்தான் இருந்திருப்பார். ஆகவே ஓம் என்றேன். ஒரு சொல்தான் ஐயா, வேறு ஒன்றும் நான் செய்யவில்லை.

செந்தூரன் மெல்பேணிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். சுடலையிலிருந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அண்டைக்கு என்ன நடந்தது?" என்று அழுதான். பெற்ற பிள்ளையைப்போல அவனை அணைத்துக்கொண்டு, அவனுடைய மனம் ஆறட்டும் என்று உண்மையைத்தான் சொன்னேன்.

"ட்றோ தம்பி. ஒருத்தரும் தோக்கேல்லை."