புகைக்கே போன புகைவரி

அவையை அமைதியாய் ஆளும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் பழுத்த ஆன்றோர்களே! கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் நிற்கும் தாய்மார்களே! வேலை முடிந்து முகம் கழுவவும் நேரமின்றி ஓடிவந்த தோழர்களே! வணங்குகிறேன்.

பதறிய நெஞ்சோடு பேசுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

என் தங்கையின் கணவர் எங்கள் ஊர் ஆலையில் கொதிகலன் தொழிலாளி. வீடு ஆலைக்கு எதிரே. சென்ற ஆண்டு அவர்களின் சின்ன மகள் மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்து, என் மடியில் கிடந்தாள்.

"மாமா, காத்து வரல..."

பிழைத்தாள். "புகைதாங்க காரணம். வீட்ட மாத்துங்க" என்றார் மருத்துவர். வீட்டை மாற்றலாம், வானத்தை மாற்ற முடியுமா?

பக்கத்து ஊர் நகர மன்ற உறுப்பினன் நான். வரவு செலவுக் கூட்டத்தில் எழுந்தேன்.

"புகைவரி வாங்குறோமே, அது எங்க போகுது?"

நிதி அலுவலர் கணக்கேட்டைப் புரட்டினார். "ஆலைக்கு நிலக்கரி விலையில தள்ளுபடி தர்றோம் சார். அதுக்குத்தான்."

புகைக்கு வரி வாங்கி, அந்த வரியிலேயே புகையை வளர்த்திருக்கிறோம்! அதுவும் எப்படிப்பட்ட வரி? கக்குகிறவனுக்கும் அதே வரி, கட்டுப்படுத்துகிறவனுக்கும் அதே வரி! எவன் புகை வடிகட்டி வாங்குவான்? சிரிக்கிறீர்களா ஐயா? எனக்கு வயிறு எரிந்தது!

"தள்ளுபடியை நிறுத்துவோம், புகையை அளந்து வரி போடுவோம்" என்றேன். "ஆலைய மூடிடுவேன்" என்றார் முதலாளி. அன்று மாலையே தங்கையின் கணவர் வந்து நின்றார்.

"மச்சான், மூடினா சோத்துக்கு என்ன பண்றது? மூடலன்னா பாப்பா என்ன ஆவா?"

தீர்மானத்தைத் திருத்தினேன். வரிப்பணத்தில் ஒரு பங்கு, வடிகட்டி வாங்க ஆலைக்குக் கடன். ஒரு பங்கு, அதைப் பொருத்தும் வரை தொழிலாளிக்குச் சம்பளம். மிச்சம், பிள்ளைகளின் வைத்தியத்துக்கு.

தீர்மானத்தை முடிவு செய்ய மக்கள் கூட்டம் கூடியது. முன்வரிசையில் முதலாளி. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் எங்கள் நகர மன்றத் தலைவர். ஒரு கையும் அசையவில்லை. பிறகு, முதலாளியின் கண்ணெதிரே, என் தங்கையின் கணவர் எழுந்தார்.

"வேலையும் வேணும், புள்ளையும் வேணும்ங்க."

அவர் கை உயர்ந்தது. அடுத்த கணம் மண்டபமே கை உயர்த்தியது!

ஆலை மூடியதா? இல்லை! வடிகட்டியோடு ஓடுகிறது. குழந்தைக்கு முழுக்கக் குணமா? பொய் சொல்ல மாட்டேன்; இன்னும் மருந்து உண்டு. ஆனால் பள்ளிக்கு நடந்தே போகிறாள்.

இந்த மேடை ஏறுமுன் உங்கள் நகர மன்றத்தில் விசாரித்தேன். தோழர்களே, அதே தள்ளுபடி இங்கேயும் இருக்கிறது! இன்றைக்கும் இருக்கிறது! என்னம்மா, நம்ப முடியவில்லையா? நாளை மன்றம் கூடுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கே போகிறது எங்கள் வரி என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்!

செவி கொடுத்த உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.