கருங்கெண்டையைப் பெற்றவன்

எனக்கு வெந்நீர்க் குளியல் மிகவும் பிடிக்கும், ஐயா. எங்கள் வட்டாரத்தில் கூ மாவ்லின் நடத்திய குளியல் கூடத்துக்கு இணையாக இன்னொன்று கிடையாது. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர்கள் வந்ததும் என்னை அமைதிக் குழுத் தலைவராக உட்கார வைத்தார்கள். யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஊர் அமைதியாகவே இருந்தது. அதுதான் வினையாயிற்று. ஒருநாள் கேப்டன் இசோபே தேநீர் குடித்துக்கொண்டே, "தாவ், உன் ஊர்ல ஒரு நாய்கூட எங்களைப் பாத்துக் குரைக்க மாட்டேங்குது. படையை வேற ஊருக்கு மாத்தப்போறோம். உன் குழுவும் வேண்டாம்" என்றார்.

படை போய்விட்டால் ஊரைக் கொள்ளையரிடமிருந்து யார் காப்பது? என் கவலை அது ஒன்றுதான். எனவே கருங்கெண்டை என்றொரு கலகக்காரன் இருப்பதாகச் சொன்னேன். கால்வாயில் மீன்போல நீந்துவான் என்றேன். அவன் பெயரில் எனக்கு நானே மிரட்டல் சுவரொட்டிகூட எழுதி ஒட்டினேன். அதில் என்னையே திட்டியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

படை இரட்டிப்பானது. குளியல் கூடத்தில் கூ என் முதுகைத் தேய்த்தபடி, "நல்லா ஊறிக்குங்க தலைவரே. கருங்கெண்டை வந்தா உங்களை நாற்காலியோட கால்வாய்ல வீசிருவான்" என்றார். தொட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வசந்தத்தில் மேலிடம் கேப்டனை நெருக்கியது. "ஆளைக் காட்டு. இல்லேன்னா நீதான் அவன்னு எழுதிருவேன்" என்று அவர் என்னிடம் சொன்னார். கூவைக் காட்டினேன்.

கூவின் மனைவி லான்ஜூ ஓடி வந்தாள். "அண்ணே, அவருக்கு நீச்சலே தெரியாதுண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சொன்னேன். நீச்சல் தெரியாததுபோல் நடிப்பதில் கூ கெட்டிக்காரர் என்று கேப்டனிடம் சொன்னேன்.

கேப்டன் நியாயமானவர். கைக்கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் கால்வாயில் தள்ளச் சொன்னார். கூ மேலே வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னமா மூச்சடக்குறான்! தப்பிச்சுட்டான்" என்றார் கேப்டன். அப்படியே அறிக்கை போயிற்று. படையும் தங்கியது, குழுவும் தங்கியது.

சில நாள் கழித்து, முசுக்கட்டைத் தோப்போரம் உடல் ஒதுங்கியது. நான்தான் யாருக்கும் தெரியாமல் புதைத்தேன்.

போர் முடிந்துவிட்டது. கணவர் மறைவிடத்திலிருந்து திரும்பிவிடுவார் என்று லான்ஜூ மாலைதோறும் படகுத்துறையில் நிற்கிறாள். புதைத்த இடத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா. ஒரு பெண்ணின் நம்பிக்கையைப் பறிக்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.