வெள்ளிமுடியில் விடை கண்ட வள்ளிக்கண்ணு அம்மையாருக்கு

கண்ணுக்குத் தெரியாத உயிரணுவுக்குள் கால்நூற்றாண்டு குடியிருந்த கல்விக் களஞ்சியமே! காரைக்குடியில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்கு முப்பத்தோராண்டு முதுகெலும்பாய் நின்ற முனைவர் வள்ளிக்கண்ணு அம்மையீர்! வணக்கம்.

ராப்27ஏ என்னும் ஒற்றைப் புரதத்தை இருபதாண்டுகள் விடாமல் ஆராய்ந்தீர்கள். உயிரணுவுக்குள் உருவாகும் சின்னஞ்சிறு பைகளை அதன் விளிம்புச் சவ்வில் கொண்டு நிறுத்தும் புரதம் அது என்று வகுப்பறையிலும் தேநீர்க் கடையிலும் விளக்கினீர்கள். ஒருமுறை பந்தியில் அப்பளத்தை நொறுக்கி இலை விளிம்பில் வைத்தும் காட்டினீர்கள். நிறமிப் பை அங்கே நிற்காவிட்டால் முடி வெளுக்கும். நோயெதிர்ப்பு அணுவின் ஆயுதப் பை நிற்காவிட்டால் உயிரே போகும் என்பீர்கள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

ஒன்பதாண்டுகளுக்கு முன், நம் ஆய்வக உதவியாளர் தேனப்பன் தம் ஒரு வயது மகள் முத்தழகுக்குத் திருக்கோஷ்டியூரில் முடியிறக்கினார். வெள்ளிக் கம்பியாய் மின்னிய அந்த முடியை அதிர்ஷ்டம் என்று ஊரே கொஞ்சியது. மாதம் இருமுறை வந்த காய்ச்சலை, பல் முளைக்கிற காய்ச்சல் என்று நாங்களும் சொன்னோம். நீங்கள் மட்டும் மாமன் மடியருகே குனிந்து, நோயா என்று பார்க்க முடி கேட்டீர்கள். நல்ல காரியத்தில் நோயைப் பேசலாமா என்று உறவினர் முகம் சுளித்தனர். நாங்களோ உங்கள் கையைப் பிடித்து இழுத்தோம்.

"கோவிச்சுக்கிருவீகன்னு தெரியும். முதல்ல நாலு முடியக் குடுங்க" என்றீர்கள்.

மறுநாள் நுண்ணோக்கியில், அந்த முடிக்குள் நிறமி திட்டுத்திட்டாய்த் திரண்டு கிடந்தது. மதுரை மருத்துவர்களின் மரபணுச் சோதனை உங்கள் ஐயத்தை உறுதிசெய்தது. ராப்27ஏ பழுதானால் வரும் கிரிசெல்லி நோய் அது. இன்னொரு பெரிய காய்ச்சலைக் குழந்தை தாங்காது என்றார்கள். அவள் அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது; அதை மாற்றிச் செலுத்தியதில் பிள்ளை பிழைத்தாள்.

அன்று உங்களை இழுத்த கைகளுக்காக மன்னிப்புக் கேட்கிறோம். பாராட்டு மடலில் மன்னிப்பு எதற்கு என்று மூத்தவர் சிலர் தடுத்தும் எழுதிவிட்டோம், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அறிவும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! ஓய்வு உங்களுக்கு ஒத்துவராது என்பதை அறிவோம். நுண்ணோக்கி அறைச் சாவி உங்களிடமே இருக்கட்டும். உடல்நலம் குன்றாமல், உற்சாகம் குறையாமல், எங்களைத் திருத்திக்கொண்டே நெடுநாள் வாழ்க!

மாற்று மஜ்ஜை உயிரைக் காக்கும், முடியைக் கறுப்பாக்காது என்று அன்றே சொன்னீர்கள். அப்படியே ஆயிற்று. அந்த வெள்ளிமுடியை இரட்டைச் சடையாய்ப் பின்னிக்கொண்டு, இந்த மடலை ஒரு சொல்லிலும் தடுமாறாமல் இதுவரை உங்கள்முன் வாசித்தவள் முத்தழகுதான்.

என்றும் நன்றியுடன்,
விலங்கியல் துறைப் பேராசிரியர்களும் பணியாளர்களும்,
காரைக்குடி