செல்லுக்குள் ஒரு சுமைதூக்கி

எண்ணூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் தன் அப்பாவிடம் சொன்னாள்: "உன் உடம்புக்குள்ளயும் மூட்டை தூக்குறவன் கீறான் நைனா."

"இன்னாம்மா சொல்ற? ஹார்பர்ல நான் தூக்குறது போதாதா?"

"நெசமாத்தான். செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் கீது. ரெண்டு காலால நடந்து சரக்கு கொண்டுபோவுது. அதைப் பாத்துத்தான் கண்ணுக்கே தெரியாத மெஷின் செய்யப் பாக்குறாங்க. மருந்தைத் தூக்கினு போய் நோவு கீற எடத்துலயே எறக்கும். பெங்களூர்ல எனக்கு சீட் கெடச்சது அதைப் படிக்கத்தான்."

"உங்கம்மா தனியா அனுப்ப மாட்டேன்றாளே."

"நீ இன்னா சொல்ற?"

அவர் திருவொற்றியூரில் இறங்க எழுந்தபோதுதான் கேட்டார்.

"அந்த மெஷினுக்கு முதுகு வலிக்குமா?"

"வலிக்காது நைனா."

"அப்ப போய்ப் படி. அம்மாவாண்ட நான் பேசிக்கிறேன்."